உப்பு, சோடா, தேன்: வெந்த வாய்க்கு எது உதவும்?

வாயில் புண் என்றால் வானூர்ப் பக்கத்தில் யாரும் உடனே மருந்துக் கடைக்கு ஓடுவதில்லை. வடகிழக்கே மரக்காணம் உப்பளம். எந்த வீட்டிலும் கல்லுப்புக்குப் பஞ்சமில்லை. ஒரு கை உப்பை வெந்நீரில் போட்டுக் கொப்பளி என்பார்கள். ஆறவில்லையா, மணத்தக்காளிக் கீரை. அதற்கும் கேட்கவில்லையா, மாசிக்காயை உரைத்துத் தடவு, படிகாரத் தண்ணீரில் வாய் கழுவு, வெறும் வயிற்றில் தேங்காய்ப்பால் குடி. சாதாரண வாய்ப்புண்ணுக்கு இந்த வரிசை போதும். பெரும்பாலான புண்கள் ஒரு வாரம் பத்து நாளில் தானாகவே ஆறுகிறவை. நல்ல பெயர் மட்டும் கடைசியாகத் தடவிய மருந்துக்குப் போய்விடும்.

இதே வரிசையை, கோரிமேடு ஜிப்மரிலோ காஞ்சிபுரம் காரப்பேட்டையிலோ அடையாற்றிலோ வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறவருக்கும் அப்படியே நீட்டும்போதுதான் வினை வருகிறது. அவர் வாயில் இருப்பது வேறு புண். அதற்கு இயற்கை வைத்தியம் என்று சொல்லப்படுகிறவற்றில் எது உதவுகிறது, எது சும்மா இருக்கிறது, எது கெடுக்கிறது என்று கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் ஓரளவு சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அந்தச் சோதனைகளை நம் ஊர் அடுக்களையோடு சேர்த்துவைத்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரை.

வாயின் உள்தோல் உடம்பில் வேகமாகப் புதுப்பிக்கப்படும் தோல்களில் ஒன்று. பழைய செல்கள் உதிர, ஒன்றிரண்டு வாரத்தில் புதியவை அடியிலிருந்து மேலேறி வந்துவிடும். வேகமாகப் பெருகும் செல்களைக் கொல்வதுதான் கீமோ மருந்துக்கும் கதிர்வீச்சுக்கும் வேலை. அவை புற்றுச் செல்லோடு சேர்த்து இந்த அடிச்செல்லையும் அடிக்கின்றன. உதிர்வது உதிர்ந்துகொண்டே இருக்க, மேலேற ஆளில்லாமல் போகிறது. அமெரிக்கப் பல் மருத்துவ ஆய்வாளர் ஸ்டீபன் சோனிஸ் 2004இல் இதை ஐந்து கட்டமாகப் பிரித்துக் காட்டினார். புண் கண்ணுக்குத் தெரிவது நான்காவது கட்டத்தில்தான். அதற்கு முன்பே உள்ளே அழற்சி மூண்டு, ஒன்றையொன்று தூண்டிப் பெருகியிருக்கும். புண் வந்த பிறகு மேலே எதைத் தடவினாலும் சட்டென்று கேட்காததற்குக் காரணம் இது.

கீமோ மட்டும் என்றால் மருந்து ஏறி ஐந்து முதல் ஏழு நாளில் எரிச்சல் தொடங்கி, இரண்டாவது வாரத்தில் உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்கும். தலை, கழுத்துக் கதிர்வீச்சு இதைவிட நீண்டது. வாரம் ஐந்து நாள், ஏறக்குறைய ஏழு வாரம், மொத்தம் 66 முதல் 70 கிரே அளவுக் கதிர்வீச்சு. இரண்டாவது வாரம் வாய் சிவக்கும். ஐந்து, ஆறாவது வாரங்களில் வாய் முழுக்க வெள்ளைப் படலத்தோடு புண். சிகிச்சை முடிந்து இரண்டு முதல் நான்கு வாரம் கழித்தே ஆறும். உலக சுகாதார நிறுவனம் இதை நான்கு படியாக அளக்கிறது. அந்த அளவுகோலின் மையம் சோறுதான். இரண்டாம் படியில் புண் இருக்கும், ஆனால் கெட்டி உணவு இறங்கும். மூன்றில் கஞ்சி, பால் மட்டும். நான்கில் வாய்வழி எதுவும் இறங்காது, மூக்கில் குழாய்.

வலி என்பதால் மட்டும் இதைப் பொருட்படுத்தச் சொல்லவில்லை. வாய் வெந்தவர் சாப்பிட மாட்டார், எடை குறையும், தினம் பஸ் ஏறிப் போய் வரத் தெம்பிருக்காது. ‘ரெண்டு நாள் விட்டுப் போகலாம்’ என்பார். தலை, கழுத்துப் புற்றுநோயில் கதிர்வீச்சு ஒரு நாள் தள்ளிப்போனால் கட்டி கட்டுப்படும் வாய்ப்பு ஏறத்தாழ ஒரு சதவீதமோ சற்று அதிகமோ குறைகிறது என்பது பல ஆய்வுகளின் கணக்கு. வாய்ப்புண்ணைச் சமாளிப்பது புற்றுநோய்ச் சிகிச்சையிலேயே ஒரு பாகம்.

முதலில் உப்பு. உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு உப்புத் தண்ணீர் புண்ணை என்ன செய்யும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாத்தியில் நின்று வாரும்போது குதிகால் வெடிப்பில் அந்தத் தண்ணீர் ஏறினால் தீ வைத்த மாதிரி காந்தும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. பாத்தியில் உப்பு விளையத் தொடங்கும்போது அது 250 கிராமைத் தாண்டியிருக்கும். நம் இரத்தத்தின் உவர்ப்புக்குச் சமமான சலைனில் லிட்டருக்கு 9 கிராம் மட்டுமே. அதைவிடக் கூடினால் உப்பு செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கும். திறந்த புண் எரியும். வெறும் தண்ணீரும் வெந்த வாய்க்குச் சுகமாக இருப்பதில்லை, அது எதிர்ப்பக்கத்தில் செல்லை ஊதவைக்கும். ஆக, ‘ஒரு கை உப்பு’ என்பது அளவே இல்லை.

மருத்துவமனைகளில் சொல்லிக்கொடுக்கும் கலவை எளிது. கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், தலை தட்டிய தேக்கரண்டி உப்பு ஒன்று, அதே அளவு ஆப்ப சோடா. கணக்குப் போட்டுப் பார்த்தால் அழகாக வருகிறது. 5 கிராம் உப்பும் 5 கிராம் சோடாவும் சேர்ந்த லிட்டர் தண்ணீரின் கரைசல் அடர்த்தி ஏறக்குறைய இரத்தத்தின் அடர்த்திதான். அதனால் எரியாது. சோடா வாயின் அமிலத்தைத் தணிக்கிறது. கதிர்வீச்சில் உமிழ்நீர்ச் சுரப்பி அடிபட்டுக் கோந்து மாதிரி இழுக்கிற கோழையை இளக்குகிறது. பேக்கிங் பவுடர் வேறு, சலவைச் சோடா முற்றிலும் வேறு; இவற்றை மாற்றிப் போட்டுவிடக் கூடாது. உப்பளத்திலிருந்து நேரே வந்த கல்லுப்பு என்றால் மண்ணும் தூசும் இருக்கும். கொதிக்கும் தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, தெளியவிட்டு ஊற்றிக்கொள்ளலாம். கொப்பளிக்க அயோடின் கலந்த பாக்கெட் உப்புதான் வேண்டும் என்றில்லை. காலையில் கலந்ததை இரவு கொட்டிவிட வேண்டும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, அரை நிமிடம் வாயில் வைத்திருந்து துப்ப வேண்டும். விழுங்கக் கூடாது.

இது உண்மையில் வேலை செய்கிறதா? கலிபோர்னியா பல்கலைக்கழகத்துச் செவிலியர் ஆய்வாளர் மேரிலின் டாட் 2000இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்தது. கீமோவால் வாய்ப்புண் வந்த 200 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு உப்பு சோடா, ஒன்றுக்குக் கிருமிக்கொல்லியான குளோர்ஹெக்சிடின், இன்னொன்றுக்கு மரப்பு மருந்தான லிடோகெய்ன் கலந்த விலையுயர்ந்த கொப்பளிப்பு. கூடவே எல்லோருக்கும் வாயை எப்படிச் சுத்தமாக வைத்துக்கொள்வது என்று முறையாகக் கற்றுக்கொடுத்தார்கள். 142 பேருக்குப் பன்னிரண்டு நாளுக்குள் குணம் தெரிந்தது. மூன்று பிரிவுக்கும் இடையே சொல்லும்படியான வேறுபாடு இல்லை. விலையில் மட்டும்தான் வேறுபாடு.

இதை வைத்து ‘உப்பு புண்ணை ஆற்றுகிறது’ என்று முழங்கக் கூடாது. எதையும் கொப்பளிக்காத நான்காவது பிரிவு அந்த ஆய்வில் இல்லை. எதைக் கொப்பளித்தாலும் ஏறக்குறைய ஒரே பலன், எல்லோருக்கும் பொதுவாக இருந்தது ஒழுங்கான வாய்ப்பராமரிப்பு என்பதுதான் அது காட்டுவது. பன்னாட்டு வழிகாட்டுதல்களும் உப்பு சோடாவைச் சுகத்துக்கும் சுத்தத்துக்கும் சொல்கின்றனவே தவிர, புண் வராமல் தடுக்கும் மருந்தாகச் சொல்லவில்லை. என் முடிவு இது: வெந்த வாய்க்கு உதவுவது, எரிக்காத ஒன்றைச் சலிக்காமல் நாள் முழுக்கச் செய்வது. கலவையில் என்ன இருக்கிறது என்பது அதற்கு அடுத்தபடிதான்.

இங்கேதான் நம் பழக்கம் குறுக்கே நிற்கிறது. ‘எரிஞ்சாத்தான் மருந்து கேக்குதுன்னு அர்த்தம்’ என்ற நம்பிக்கை ஆழமானது. மாசிக்காய், கடுக்காய், படிகாரம் எல்லாம் துவர்ப்பு. தோலைச் சுருக்கி, புண்ணின் மேல் ஒரு படலம் போட்டு, நல்ல உள்தோல் சுற்றிலும் உள்ள சின்ன வாய்ப்புண்ணில் வலியைக் குறைக்கக் கூடியவை. வாய் முழுக்க உள்தோலே இல்லாதவருக்குச் சுருக்க என்ன மிச்சமிருக்கிறது? ஏற்கெனவே வறண்ட வாயை அவை இன்னும் வறட்டும். கிராம்புத் தைலமும் இப்படித்தான். பல்வலியில் மரக்கச் செய்யும், வெந்த வாயில் சுடும். கடையில் விற்கும் ஆல்கஹால் கலந்த கொப்பளிப்பு நீரும் இதே கணக்கில் சேரும். மருத்துவமனைச் சாமானாயிற்றே என்று குளோர்ஹெக்சிடினுக்குச் சலுகை கிடையாது: தலை, கழுத்துக் கதிர்வீச்சில் வாய்ப்புண்ணைத் தடுக்க அது வேண்டாம் என்று பன்னாட்டு வழிகாட்டுதல் சொல்லியிருக்கிறது.

அடுத்தது தேன். இயற்கைப் பொருள்களில் அதிகம் சோதிக்கப்பட்டது இதுதான், அதிகம் சர்ச்சைக்குள்ளானதும் இதுதான். மலேசியாவில் பிஸ்வாலும் உடன் பணியாற்றியவர்களும் 2003இல் வெளியிட்ட சிறிய ஆய்வு இதைத் தொடங்கிவைத்தது. கதிர்வீச்சு பெற்ற 40 பேரில் பாதிப் பேர் சுத்தமான தேன் 20 மில்லியைக் கதிர்வீச்சுக்குக் கால் மணி முன்னால், கால் மணி பின்னால், ஆறு மணி நேரம் கழித்து என மூன்று தடவை வாயில் சுழற்றி மெல்ல விழுங்கினார்கள். கடுமையான புண் தேன் எடுத்தவர்களில் 20 சதவீதம், எடுக்காதவர்களில் 75 சதவீதம். எகிப்து, ஈரான், இந்தியா என்று பிறகு பல இடங்களில் இதே போக்கு தெரிந்தது.

அப்புறம் மான்செஸ்டரில் 131 பேரை வைத்து ஆய்வு நடந்தது, 2012இல் வெளிவந்தது. அதில் உலகப் புகழ் பெற்ற நியூசிலாந்து மனுக்காத் தேனையும், அதே நிறத்தில் பாகு போன்ற சர்க்கரைச் சாற்றையும் யார் எதைச் சாப்பிடுகிறார் என்று தெரியாமல் கொடுத்தார்கள். வேறுபாடில்லை. கனடாவில் 2014இல் மனுக்காத் தேன் மறுபடி தோற்றது. முந்தைய ஆய்வுகளில் நோயாளிக்குத் தான் தேன் சாப்பிடுகிறோம் என்று தெரியும். பலனைக் கூட்டிக் காட்ட அது ஒன்றே போதும். இப்படிச் சாதகமும் பாதகமும் கலந்து கிடக்கும் நிலையில்தான், புற்றுநோய் ஆதரவுச் சிகிச்சைக்கான பன்னாட்டுச் சங்கம் 2020இல் திருத்திய வழிகாட்டுதலில் தலை, கழுத்துக் கதிர்வீச்சுக்குத் தேனைப் ‘பரிசீலிக்கலாம்’ என்ற படியில் சேர்த்தது. கட்டாயப் பரிந்துரை என்ற மேல்படியில் அது இல்லை. ஆனாலும் மூலிகை, உணவுப் பொருள் எதற்கும் எளிதில் கிடைக்காத இடம் அது.

வானூரில் இதைச் செய்ய நினைப்பவர் ஒரு கணக்குப் போட வேண்டும். தினம் 60 மில்லி, அதாவது பன்னிரண்டு தேக்கரண்டி. முப்பத்தைந்து கதிர்வீச்சு நாளுக்கு இரண்டு லிட்டருக்கு மேல். எடையில் மூன்று கிலோவை ஒட்டி வரும். சர்க்கரை நோய் உள்ளவர் மருத்துவரிடம் கேட்காமல் இதைத் தொடவே கூடாது. அடுத்து, அது தேன்தானா? அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020 டிசம்பரில் வெளியிட்ட பரிசோதனையில் கடைத் தேன் மாதிரிகள் 22இல் எல்லாச் சோதனையிலும் தேறியவை ஐந்துதான். மற்றவற்றில் பெரும்பாலானவற்றில் சர்க்கரைப் பாகு. சரி, புதரில் கட்டியிருக்கும் கொம்புத்தேனை இருளர்களிடம் நேரே வாங்கிவிடலாமே என்றால், அது சுத்தம்தான், ஆனால் காய்ச்சாத தேனில் நுண்ணுயிர் வித்துகள் இருக்கலாம். கீமோவில் வெள்ளணு விழுந்திருக்கும் வாரத்தில் அது வேண்டாம். கதிர்வீச்சு மட்டும் எடுப்பவருக்கு அந்தக் கவலை குறைவு.

மஞ்சள் நம் நாட்டுச் சோதனை. மங்களூரில் எம். எஸ். பாலிகா குழுவினர் 80 பேரிடம் செய்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், மஞ்சள் தண்ணீர் கொப்பளித்தவர்களுக்குப் போவிடோன் அயோடின் கொப்பளித்தவர்களைவிடப் புண் தாமதமாகவும் மிதமாகவும் வந்தது. நம்பிக்கை தரும் முடிவுதான், ஆனால் ஒப்பிட எடுத்துக்கொண்ட அயோடினே உள்தோலை உறுத்தக் கூடியது. மஞ்சள் நல்லதா, அயோடின் கெட்டதா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. 2020 வழிகாட்டுதல் மஞ்சளைப் பற்றி முடிவு சொல்லும் அளவுக்குச் சான்று போதவில்லை என்று ஒதுங்கிக்கொண்டது. கொப்பளித்துத் துப்பும் மஞ்சளையும், கேப்சூலில் அடைத்து விழுங்கும் குர்குமினையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. செறிவூட்டிய குர்குமின் கல்லீரல் நொதிகளில் கைவைத்து, கீமோ மருந்தின் அளவையும் இரத்தம் உறையாமலிருக்கத் தரும் மருந்தின் அளவையும் மாற்றக் கூடும் என்று ஆய்வகச் சோதனைகள் எச்சரிக்கின்றன. பாலில் சிட்டிகை மஞ்சள் போடுவதை யாரும் தடுக்கவில்லை.

ஆரோவில்லின் பெரும்பகுதி நிலம் வானூர் வட்டத்தில்தான் இருக்கிறது. அந்தச் சாலையில் போனால் சோற்றுக்கற்றாழைச் சாறு கிடைக்காத கடை இல்லை. வெயிலில் கன்றிய தோலுக்குக் குளிர்ச்சி தருகிறதே, கதிர்வீச்சில் வெந்த வாய்க்கும் தருமே என்பது இயல்பான எண்ணம்தான். அமெரிக்காவில் 58 பேரிடம் போலிச் சாற்றோடு ஒப்பிட்டுச் சோதித்து 2004இல் வெளியிட்டார்கள். புண்ணில் வேறுபாடு தெரியவில்லை. வீட்டில் மடலை அறுத்துத் தின்பவர் தோலுக்கு அடியில் கசியும் மஞ்சள் பாலைக் கழுவாமல் விட்டால் பேதி வேறு சேர்ந்துகொள்ளும். ஏற்கெனவே நீர் வற்றிய உடம்புக்கு அது தேவையா?

நல்லெண்ணெய் கொப்பளிப்பு வறண்ட வாய்க்குக் கொஞ்சம் வழவழப்புத் தரும், எரியாது. ஆனால் தொண்டைக் கதிர்வீச்சில் விழுங்குவதே தடுமாறுகிறவருக்கு எண்ணெய் மூச்சுக்குழாயில் இறங்கினால் நுரையீரல் கெடும். சாப்பிடும்போது புரை ஏறுகிறவர் இதை விட்டுவிட வேண்டும். அதிமதுரத் துண்டை வாயில் ஒதுக்கிக்கொள்கிறவர்களுக்கும் ஒரு சொல்: அது இரத்த அழுத்தத்தை ஏற்றி, உடம்பின் பொட்டாசியத்தை இறக்கும். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏறுகிறவருக்குப் பொட்டாசியமும் மக்னீசியமும் ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருக்கும்.

மணத்தக்காளிக்கு வருகிறேன். தென்மாவட்டங்களில் அரிசி களைந்த நீரும் தேங்காய்ப்பாலும் விட்டுத் தண்ணிச்சாறு வைப்பார்கள். வடக்கே நாம் பருப்போடு மசிப்போம். புற்றுநோய்ச் சிகிச்சையின் வாய்ப்புண்ணை இது ஆற்றும் என்று காட்டும் தரமான மனித ஆய்வு எதையும் நான் பார்த்ததில்லை. உணவாகப் பார்த்தால் கதை வேறு. மிளகாயும் புளியும் இல்லாமல், மசிய வேகவைத்து, தேங்காய்ப்பால் விட்டு, ஆறவைத்துக் கொடுத்தால் வெந்த வாயில் வழுக்கிக்கொண்டு இறங்கும்; கலோரியும் கிடைக்கும். அந்த ஆறு ஏழு வாரத்தில் எடையைக் காப்பாற்றுவதைவிடப் பெரிய வைத்தியம் இல்லை. பாலில் ஊறிய இட்லி, நெய் விட்டுக் குழைத்த பருப்புச் சோறு, ஆறிய ராகிக் கூழ், முட்டையை அடித்துக் கலந்த கஞ்சி, வாழைப்பழம். ரசம், ஊறுகாய், எலுமிச்சை, முறுக்கு, வெற்றிலை பாக்கு எதுவும் கூடாது. புகையிலையைச் சொல்லவே வேண்டாம். பழைய சோறும் நீராகாரமும் வாய்க்கு இதமாக இருந்தாலும், வெள்ளணு குறைந்த நாள்களில் இரவெல்லாம் ஊறியதைத் தவிர்க்கத்தான் மருத்துவமனையில் சொல்வார்கள். சூடாக வடித்த கஞ்சியை ஆறவைத்துக் குடிக்கட்டும்.

அகத்தியைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு: மருந்து சாப்பிடும்போது அகத்தி தின்றால் மருந்து முறிந்துவிடும். சித்த மருத்துவம் சொல்லும் பத்தியத்தில் உள்ளது இது. அகத்திக்கும் கீமோவுக்கும் பொருந்துமா என்பது தனிக் கேள்வி. ஆனால் ஒரு கீரை ஒரு மருந்தை முறிக்கலாம் என்ற கருத்து நமக்கு வெளியிலிருந்து வர வேண்டியதில்லை, வீட்டிலேயே இருந்தது. ‘மூலிகைதானே, என்ன செய்துவிடும்’ என்பது பழைய வைத்தியர்களின் பேச்சு அல்ல.

இயற்கைப் பொருள்களிலேயே வலுவான சான்று உள்ளதை யாரும் இயற்கை வைத்தியம் என்று எண்ணுவதில்லை: பனிக்கட்டி. 5-ஃப்ளூரோயுராசில் என்ற கீமோ மருந்தை ஊசியாக வேகமாக ஏற்றும்போது, ஐந்து நிமிடம் முன்னாலிருந்து அரை மணி நேரம் வாயில் ஐஸ் துண்டைச் சுழற்றிக்கொண்டிருந்தால் வாயின் இரத்தக் குழாய்கள் சுருங்கி, மருந்து அங்கே குறைவாகப் போய்ச் சேரும். 1991லேயே அமெரிக்காவில் இதைச் சோதித்துக் காட்டினார்கள். இன்றும் வழிகாட்டுதலில் முழுப் பரிந்துரையாக நிற்கிறது. நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக ஏறும் மருந்துக்கு இது உதவாது, யாரும் நாள் முழுக்க ஐஸ் சப்ப முடியாது. ஐஸ் நல்ல தண்ணீரில் உறையவைத்ததாக இருக்க வேண்டும். மீன்கடை ஐஸ் ஆகாது.

இவை எதுவும் மருத்துவமனையின் கையிருப்புக்கு மாற்று அல்ல. அழற்சியைத் தணிக்கும் பென்சிடமின் கொப்பளிப்பு, மணிப்பால் போன்ற இடங்களில் சோதித்துப் பார்த்த குறைசக்தி லேசர், வலி தாங்காதபோது மார்ஃபின் எல்லாம் இருக்கின்றன. மார்ஃபின் என்றதும் ‘பழக்கமாகிவிடும்’ என்று பயந்து உப்புத் தண்ணீரோடு மல்லுக்கட்டுகிறவர்களைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது. வலி அடங்கினால் சாப்பாடு இறங்கும். சாப்பாடு இறங்கினால் சிகிச்சை நிற்காது.

சில அறிகுறிகளுக்குக் கைவைத்தியமே கிடையாது. சுரண்டினால் தயிர் மாதிரி வரும் வெள்ளைத் திட்டு பூஞ்சைத் தொற்று. தேன் போட்டு மூடினால் போகாது, மாத்திரை வேண்டும். கீமோ எடுப்பவருக்குக் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் இரவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். உடைந்த வாய்த்தோல் வழியே கிருமி இரத்தத்துக்குள் போயிருக்கலாம். நிற்காத இரத்தக் கசிவு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட இறங்காமை, இவையும் அப்படித்தான்.

சிகிச்சை தொடங்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, அதைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். கதிர்வீச்சுக்கு முன்பே பல் மருத்துவரைப் பார்த்து, சொத்தையை அடைத்து, பிடுங்க வேண்டியதைப் பிடுங்கி ஆறவிட வேண்டும். கதிர்வீச்சுக்குப் பிறகு பிடுங்கினால் தாடையெலும்பு ஆறாமல் போகலாம். வேப்பங்குச்சியும் செங்கல் பொடியும் பரணில் ஏறட்டும். குழந்தைகளின் மென்மையான பிரஷ்தான் ஏற்றது.

புண் ஆறினாலும் வாயின் வறட்சி பலருக்கு மாதக்கணக்கில், சிலருக்குக் கடைசிவரை நிற்கும். உமிழ்நீர் இல்லாத வாயில் பற்சொத்தை விறுவிறுவென்று பரவும். ஏழு வாரம் உதவியிருக்கக் கூடிய தேனை அந்தக் கட்டத்தில் நிறுத்திவிட வேண்டும், சர்க்கரை பல்லைத் தின்னும். ஃப்ளோரைடு பற்பசையும், அடிக்கடி ஒரு மடக்குத் தண்ணீரும், அந்த உப்பு சோடாக் கொப்பளிப்பும் தொடரலாம்.